பூங்காவில் முடிந்த பேச்சு

"விடுடா அவள!" என்று கத்திக்கொண்டே மெரினா ஓடினாள்.

கித்துல்கலைக்குப் பக்கத்தில், பழைய றப்பர் பெக்டரியை இடித்த ஆற்றோர நிலத்தில் போட்ட புதுப் பார்க் அது. புல்தரை முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட தங்கை நிருஷாதான் புருஷன் சசியை அங்கே வரச்சொல்லியிருந்தாள். "லயத்து வீட்டுக்கு வந்தா அடிப்பான்க்கா. அங்கன்னா ஆளுங்க இருப்பாங்க. பேசி முடிச்சிருவேன்."

சசி முதலில் பெஞ்சில் அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தான். மெரினா சற்றுத் தள்ளி நின்றாள்.

"வா, வீட்டுக்குப் போவோம்."

"வரமாட்டேன் சசி. இனி எப்பவும் வரமாட்டேன்."

அவன் நிருஷாவின் கையை எட்டிப் பிடித்தான். அவன் சட்டைக்குள்ளிருந்து றப்பர் பால் வெட்டும் கத்தி வந்தது.

மெரினா போய்ச் சேர்வதற்குள் அவன் குத்திவிட்டான். மறுபடியும் ஓங்கிய கையைப் பிடித்துக் கடித்தாள். அவன் ரத்தம் பல்லில் கரித்தது. அவன் உதறியதில் நடைபாதைக் கல்லில் போய் விழுந்தாள். எழுந்து, கைக்கு அகப்பட்ட பூச்சாடியைத் தூக்கி அவன் பிடரியில் போட்டாள். அவன் சரிந்த பிறகுதான், அதுவரை போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஓடிவந்து அமுக்கினார்கள்.

த்ரீவீலரில் தங்கையின் வயிற்றை ஷாலால் அழுத்திப் பிடித்தாள்.

"அக்கா, குளிருது."

"ஒண்ணுமில்லடி. இந்தா வந்துட்டோம்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னாலேயே கைக்குள் இருந்த துடிப்பு நின்றது. மெரினா அழுத்துவதை விடவில்லை. நர்ஸ் வந்துதான் விரல்களைப் பிரித்தாள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து பெட்டி லயத்துக்கு வந்தது. ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் சலசலப்பு. சசியின் அம்மா சுப்பம்மா தனியாக வந்து நின்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்க?" மெரினாவின் தம்பி ஸ்ரான்லி விறகுக் கட்டையோடு பாய்ந்தான்.

சுப்பம்மா விலகவில்லை. "அடி தம்பி. மொதல்ல ஒருக்கா அவ மொகத்தப் பாத்துக்கிறேன்."

கும்பிட்ட கைகளில் ஒன்றில் துணி சுற்றியிருந்தது. உள்ளங்கைப் பக்கம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"கையில என்ன?" என்றாள் மெரினா.

"அன்னிக்குக் கெளம்புறப்ப கத்திய எடுத்தான். புடுங்கப் பாத்தேன்." சுப்பம்மா கையைச் சேலைக்குள் மறைத்தாள். "முடியல்ல."

ஸ்ரான்லி கட்டையை ஓங்கியபடியே நின்றான். ஜெபம் நின்றுபோயிருந்தது. எல்லோரும் மெரினாவைப் பார்த்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில், பாயில், அவள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு உட்கார்ந்தாள்.