நிலா கடித்த கை

எர்மெலிந்தாவின் மகன் இடது முழங்கைக்குக் கீழே கை இல்லாமல் பிறந்தான். "கிரகணத்தன்னைக்கு வயித்துத் துணியில ஊக்கு குத்தாம சுத்தியிருப்பே. நிலா கடிச்சிருச்சு" என்று மாமியார் கரித்துக் கொட்டினாள். எர்மெலிந்தா ஊக்கும் குத்தியிருந்தாள், சிவப்புத் துணியும் கட்டியிருந்தாள். சினலோவா மாநிலத்தில் அவர்கள் கூலிவேலை செய்த தக்காளித் தோட்டத்தில் இப்படிப் பிறந்த மூன்றாவது பிள்ளை அவன். செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது பெண்களை வெளியே போகச் சொல்ல அங்கே எவனுக்கும் வாய் வராது.

"மூணு பேரையும் நிலாவா கடிச்சுது?" என்று புருஷனிடம் கத்தினாள்.

"வாயை மூடு. வேலையும் போகும், கொட்டகையும் போகும்" என்றான்.

குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்று, பக்கத்து வரிசையில் ஒப்தூலியா நின்றாள். அப்போதுதான் அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லு. நீ ஊக்கு குத்தினியா இல்லையா?"

குத்தினேன் என்று சொன்னால், ஊக்கு காக்காது என்று தெரிந்தபின் இந்தப் பெண் எங்கே போவாள்? ஊர் திரும்ப பஸ்ஸுக்குக்கூட வழியில்லாதவள்.

"மறந்துட்டேன்டி."

"அடிப்பாவி! நான் தூங்கும்போதுகூட கழட்டறதில்ல" என்று சிரித்தபடி, மருந்தின் ஈரம் காயாத செடிகளுக்குள் ஒப்தூலியா குனிந்தாள்.