பெல்ட் ஏறும் பக்கம்

எங்கள் வீட்டு முன்னறையில் மெஷினை ஓட்டுவது நான். தெருவில் மெஷின்காரர் என்று பெயர் வாங்கியிருப்பவர் என் கணவர். பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார், மேலும் கீழுமாக இரண்டு சக்கரம், அவற்றைச் சுற்றி ஓடும் தோல் பெல்ட், அவ்வளவுதான் மெஷின். செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி, ஒட்டுப்போட்ட இடம் கத்தியில் தட்டாதபடி இரண்டு முனையையும் சீவிச் சீவி ஒட்டியது நான். சுவிட்ச் வாங்கி வந்தது இவர். வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சுவிட்சைப் பற்றித்தான் பேசுவார்.

கல்லில் தேய்த்த சவரக்கத்தியைக் கடைசியாகத் தோலில் தீட்டினால்தான் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கையால் தீட்டினால் தோள் கழன்றுவிடும். பெல்ட்டில் சட்டென்று முடியும், கெடுவதும் சட்டென்றுதான். பெல்ட் கத்தியின் முதுகுப் பக்கம் வந்து கூர்ப் பக்கமாக விலகி ஓட வேண்டும். கூர்ப் பக்கத்தை எதிரே காட்டினால் தோலுக்குள் இறங்கிவிடும். இன்னொரு எமன் சூடு. அத்தனை மெல்லிசான கூர் கொஞ்சம் காய்ந்தாலும் இரும்பின் பதம் போய்விடும். அதனால் வெறும் விரலைக் கத்தியில் வைத்தபடியே தீட்டுவேன். விரலுக்கு வெதுவெதுப்பு தெரிந்த உடனே தண்ணீரில் முக்கி எடுப்பேன்.

என் அண்ணன் பெரிய சலூன் வைத்திருக்கிறான். சலூன்காரர்கள் சங்கத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் கத்திகள் எங்களிடம் வந்தால் மற்ற கடைக் கத்திகளும் பின்னாலேயே வரும். இவருக்கு வேலை போய், வீடு என் தையலில் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. அடுப்பு எரிவது ஒரு பக்கம் இருக்கட்டும். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு தொழில் என் கைக்கு அடங்கியிருந்தது. அந்தக் கத்திகள் எனக்கு வேண்டும்.

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒரு பெட்டிக் கத்தி கொடுத்தான். தீட்டி, துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். பிறகு இரண்டு பேருமாகச் சலூனுக்குக் கொண்டுபோனோம்.

நுரை பூசி உட்கார்ந்திருந்த ஒருவர் கன்னத்தில் அண்ணன் கத்தியை வைத்தான். நாலு இழுப்பு நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்த மனிதர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இது கத்தியா தகரமா? இதுல சிரைச்சா முடி வராது, தோலுதான் வரும்!" என்று அண்ணன் கத்தினான்.

கத்தியை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போலப் பளபளப்பு. கூர் ஓரமாக மட்டும் மயிரிழையாக ஒரு பழுப்புக் கோடு. சூட்டில் வருவது. நான் தண்ணீரில் முக்கி எடுத்த கத்தியில் அது வர வழியே இல்லை. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"அவதான் மச்சான் தீட்டினா," என்றார்.

அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்தால் இவர் மானம் கப்பலேறும். கத்தியை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

"பொம்பள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான்," என்றான் அண்ணன். "மாப்ள, ஞாயித்துக்கிழமை சங்கத்து ஆளுங்களோட வீட்டுக்கு வர்றேன். என் சொந்தக் கத்தியையே கொண்டாரேன். நீங்களே தீட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா எல்லாக் கடை வேலையும் உங்களுக்குத்தான். இவ கை படக்கூடாது."

வழியில் கேட்டேன். "நான் குளிக்கப் போனப்ப என்ன பண்ணீங்க?"

"சும்மா மெஷின்ல இன்னொரு ஓட்டு ஓட்டினேன். பளபளன்னு இருந்தாத்தானே ஒரு மதிப்பு?"

"தண்ணியில முக்கினீங்களா?"

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி கேப்ப," என்று செருப்பை வேகமாகத் தேய்த்துக்கொண்டு முன்னே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். மெஷின் சுவரோரம் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்களுக்கு முதுகுதான் தெரியும். சபைக்கு முகம் தெரிய வேண்டாமா? மெஷினை நடு அறைக்கு இழுத்து, சுவர்ப் பக்கமாக அதன் பின்னால் முக்காலி போட்டுக்கொண்டார்.

இங்கேதான் விஷயம். முன்பக்கம் கீழே இறங்கும் பெல்ட், பின்பக்கம் மேலே ஏறும். பின்னால் உட்கார்ந்து எப்போதும் போலக் கூர் கீழே பார்க்கப் பிடித்தால், ஏறி வரும் பெல்ட் நேராகக் கூரில் வந்து விழும்.

அண்ணனும் சங்கத்து ஆட்கள் இருவரும் நாற்காலியில் அமர்ந்தார்கள். நான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றேன். இவர் சுவிட்ச் புராணம் பாடி முடித்துவிட்டு மோட்டாரைப் போட்டார். அண்ணனின் கத்தியை விரித்து, கூர் கீழே பார்க்கப் பிடித்தார். பெல்ட்டில் வைப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். வீட்டில் எதைத் தொட்டாலும் இப்படித்தான், சரியா என்று கண்ணாலேயே கேட்பார்.

நான் சுவரைப் பார்த்தேன்.

படீரென்று ஒரு சத்தம். பெல்ட் குறுக்கே அறுந்து சாட்டையாகச் சுழன்றது. கத்தி தெறித்து நாற்காலிக் காலில் மோதி விழுந்தது. இவர் கட்டைவிரலிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. சங்கத்து ஆட்கள் எழுந்து சொல்லாமல் கொள்ளாமல் செருப்பைத் தேடினார்கள்.

"பாத்துக்கிட்டுத்தானே நின்ன? ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?" என்று இவர் அலறினார்.

"பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்," என்றேன்.

அண்ணன் தன் கத்தியைக் குனிந்து எடுத்தான். கூரில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அறுந்து கிடந்த பெல்ட்டைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"தப்பான பக்கம் உக்காந்திருக்காருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"அன்னைக்குக் கத்தியக் கெடுத்ததும் நீ இல்ல, அப்படித்தானே?"

"நான் இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டான். பெல்ட் போனால் போகிறது, ஒரே நாளில் புதிதாக ஒட்டிவிடலாம். கத்திகள் இனி என்னிடம்தான் வரும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

"தொழில் தெரிஞ்சவதான் நீ," என்றான் அண்ணன். "ஆனா புருஷன் கை போகப்போகுதுன்னு தெரிஞ்சும் சும்மா நின்னவகிட்ட எந்தத் தைரியத்துல என் கத்தியக் குடுப்பேன்?"

கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். சின்ன வயதிலிருந்து அவன் என்னைச் சொன்னதெல்லாம் அநியாயம். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.