துரும்பன் கண் திறந்த வீடு

மலேசியாவின் அசாம் ஜாவா ஊரில் பிரமிளாவின் மகள் நித்தியா, கேமரா 'டக்' என்றால்தான் நடப்பாள். கேமரா இல்லாத இடத்தில் யாராவது நாக்கைத் தட்டி அந்தச் சத்தத்தைப் போட வேண்டும். ஒரு டக்குக்கு ஓர் அடி. ஊருக்குள் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளக்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவைக்கலாம்.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் போகும்போது நித்தியாவின் கால்களில் இருந்த பலத்தையும் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனை, முனியாண்டி கோயில், சுங்கை ஆயர் தாவாரில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என்று அலைந்ததில் அப்பன் முகுந்தனின் மோட்டார் சைக்கிள் டயர்தான் தேய்ந்தது. அவன் ரவாங் தொழிற்சாலைக்குப் போய்வர, பிரமிளா பாயிலேயே வளரும் பிள்ளைக்காக ஒரு பொம்மைப் படம் எடுக்க உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசைமேல் அட்டையில் தோட்டத்து வீடுகள் வரிசையாய் நிற்கும் ஒரு லயம், செம்பனை மரங்கள், ஓர் ஆறு. கம்பியும் பஞ்சும் வைத்துச் செய்த துரும்பன் என்ற பையன் ஆற்றங்கரைக்கு மின்மினி பார்க்கப் போவான். பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்தி 'டக்'கென்று ஒரு படம், இன்னொரு நூல் நகர்த்தி ஒரு படம். வரிசையாக ஓடவிட்டால் துரும்பன் நடப்பான். தமிழ்ப்பள்ளிச் சிறுவர் விழாவில் காட்டுவதாக வாக்கும் கொடுத்துவிட்டாள்.

கண் மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை. கோயில் சிலைகளுக்கு வண்ணம் பூசும் ரெங்கசாமி மாமாவைக் கூப்பிட்டாள். வினை அங்கேதான் வந்தது. மனிதர் குளித்து, விபூதி பூசி, வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்திவைத்துவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டார். சாமிக்குக் கண் திறந்தால் முதல் பார்வை பசுமேலும் பெண் பிள்ளைமேலும் விழ வேண்டும். வீட்டில் பசு ஏது? நித்தியாவைத் தூக்கிவந்து பொம்மைக்கு முன்னால் காட்டிவிட்டார்.

"ஐயோ மாமா, இது படத்துக்குச் செஞ்ச பொம்மைலா, சாமியில்ல!" என்றாள் பிரமிளா.

"தெரியும்மா. ஆனா கண்ணு எழுதிட்டு இதைச் செய்யாமப் போக எனக்கு மனசு வராது" என்றவர், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து துரும்பன் ஆற்றுப் பக்கம் போக மாட்டேன் என்றான். எப்படி நிறுத்தினாலும், டக் என்றதும் தலை நித்தியாவின் பாய்ப் பக்கம் திரும்பிவிடும். அடுத்த டக்குக்கு ஒரு காலை அங்கே வைப்பான். "பிடிவாதம் புடிச்ச கழுதை!" என்று பிரமிளா திட்டித் தீர்த்தாள். கெட்டுப்போன படங்களை அழிக்கலாம் என்று ஒரு சாயங்காலம் கைப்பேசியில் ஓடவிட்டபோதுதான் ஓரத்தில் இருந்ததைக் கண்டாள். பாயில் நித்தியாவின் பாதம். துரும்பன் கால் ஒரு நூல் எழும்போதெல்லாம் அதுவும் ஒரு நூல் எழுந்தது.

வேலை முடிந்து வந்த முகுந்தன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றான். "எடு பிரமிளா. நிறுத்தாத, எடுத்துக்கிட்டே இரு!" என்று கத்தினான். ஆறு, மரங்கள் எல்லாவற்றையும் அவள் மேசையிலிருந்து தள்ளிவிட்டாள். துரும்பனைத் தரையில் இறக்கி, சுவரோரம் நிறுத்தினாள்; எதிர்ச் சுவரோரம் முகுந்தன் நித்தியாவைத் தாங்கி நிறுத்தினான். துரும்பன் ஒரு நூல், நித்தியா ஒரு நூல். மழைக்காலம் முழுக்க எடுத்தார்கள். கூடத்தின் நடுவில் இருவரும் சேர்ந்தபோது துரும்பன் அவள் விரலைப் பிடித்தான். அதன் பிறகு அவன் நகரவில்லை.

விழாவில் ஓடிய படத்தில் ஆறுமில்லை, மின்மினியுமில்லை. ஒரு பொம்மையும் ஒரு பிள்ளையும் எதிரெதிரே நடந்து வந்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்களுக்குத்தான் கண்ணைத் துடைக்கும் வேலை. பிரமிளா ரெங்கசாமியின் காலில் விழுந்தாள். அவருக்கு ஒரே கூச்சம். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்ல தூரிகையா கொண்டாந்திருப்பேனே!" என்றார்.

துரும்பன் இப்போது சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறான். தீபாவளிக்குப் புதுச்சட்டை உண்டு. நித்தியா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். கடைத்தெருவில் அவள் கால் நின்றுபோகும்போது ரொட்டி சானாய் போடுகிறவர் நாக்கைத் தட்டுவார்; அவரைத் தாண்டினால் காய்கறிக்கடைச் சீனர், அவரைத் தாண்டினால் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார மக்சிக் அம்மா. "என் பிள்ளையை ஊரே நடத்துது, நல்லா இருக்கணும் எல்லாரும்" என்று பிரமிளா தினமும் விளக்கேற்றும்போது சொல்வாள். கடைக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியாது. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், டக்.