கீழ்வீட்டுப் பாம்பும் மேல்வீட்டுப் பாம்பும்

ரூஜ் பகுதியில், அருள்நாயகத்தின் வீட்டு வரவேற்பறையில் நின்ற அமலோற்பவ மாதா சுரூபத்தின் காலடியிலிருந்த பிளாஸ்டர் பாம்பு ஒரு குளிர்காலத்தில் காணாமல் போனது. கொரோனா முடக்கம் முடிந்து வந்த முதல் குளிர்காலமா அதற்கடுத்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டுக்குப் போய்வந்தவர்கள் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு, எது கண்டது எது கேட்டது என்பதும் எங்களுக்குக் கலங்கிப்போய்விட்டது. பாம்பு போனதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அந்த நாட்களில் எடுத்த படங்களில் மாதாவின் வலது பாதத்துக்கும் நீல உலக உருண்டைக்கும் நடுவே ஒரு கை நுழையுமளவுக்கு வெளி இருக்கிறது. மிதிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தக் கால் தூக்கியபடியே நிற்கிறது.

அந்த வீட்டின் பேஸ்மென்றில் அப்போது வாடகைக்கு இருந்தவன் கிளிபோட். ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் லொறிகளுக்குத் தட்டு ஏற்றுபவன், நாற்பதைத் தாண்டியவன், கேட்ட கேள்விக்குப் பதில் வருமுன் கேட்டவர் வேறு வேலைக்குப் போய்விடலாம் என்கிற அளவுக்குப் பேச்சுக் குறைந்தவன். அவனும் நிரோஷினியும் பிரிந்து வாழத் தொடங்கியபோது வீட்டுச் சாமான்களைப் பங்கிட்டுக்கொள்வதில் சண்டை வரவில்லை. மிஞ்சியது ஒரு மலைப்பாம்பு. மகள் ஏஞ்சலாவின் பத்தாவது பிறந்தநாளுக்கு அவன் யாரிடமும் கேளாமல் வாங்கிக்கொடுத்தது. முழங்கை நீளம், பயந்தால் பந்துபோலச் சுருண்டுவிடும் சாதி, மாநிறத்தில் கறுப்புத் திட்டுகள். பிள்ளை அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்திருந்தாள். “உது என்ர வீட்டுக்குள்ள கிடக்கேலாது,” என்றாள் நிரோஷினி. “நீங்கள் கொண்டு போங்கோ. ஒழுங்கான ஒரு இடம் எடுத்தால் பிள்ளை சனி ஞாயிறு வந்து நிக்கட்டும். கண்டவன்ர சோபாவில என்ர பிள்ளை படுக்காது.” ஆக, ஏஞ்சலா வருவதற்கு ஒரு வீடு வேண்டும், அவள் வர விரும்புவதற்கு பிஸ்கட் வேண்டும். தன்னைப் பார்க்க மட்டும் அவள் வருவாளா என்ற கேள்வியைக் கிளிபோட் தனக்குள்ளேகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

முதலில் உண்மையைச் சொல்லித்தான் வீடு தேடினான். டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்துப் பெண் பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும், கையில் கொடுத்த கதவுத் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடை வைத்திருந்த ஜவ்ஃபர் மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து, “பூனையெண்டால் ஒரு பேச்சுமில்லை தம்பி. நாய்க்கே என்ர வீட்டில இடமில்லை, இதுக்கு நான் என்னெண்டு ஓம் சொல்லுற?” என்றார். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்த ஒருவர் சம்மதித்தார். ஆனால் அங்கிருந்து விடியற்காலை வேலைக்குப் போகக் கார் வேண்டும், அவனிடம் கார் இல்லை. குடிவந்த பிறகு வளர்ப்புப் பிராணிக்காக ஒருவரை வீட்டைவிட்டு எழுப்ப முடியாது என்று சட்டம் இருப்பதாக வேலையிடத்தில் சொன்னார்கள். சட்டம் கதவுக்கு உள்ளே இருந்தது, அவன் வெளியே நின்றான். எனவே அருள்நாயகத்தின் மனைவி றீற்றா, “பிள்ளையைத் தவிர வேற ஆரும் உம்மோட வருவினமோ?” என்று கேட்டபோது, இல்லை அன்ரி என்றான். பிஸ்கட்டைத் தலையணை உறைக்குள் வைத்து முடிந்து, கோட்டுக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

மேலே வரவேற்பறையில், கிளிபோட் பிஸ்கட்டை வைத்திருந்த கண்ணாடித் தொட்டிக்கு நேர் மேலேதான் மாதா நின்றார். ஒரு பிள்ளையின் உயரம் இருக்கும். மன்னாரிலிருந்து கப்பலில் வந்த சுரூபம். சனிக்கிழமைகளில் றீற்றாவும் அயல்வீட்டுப் பெண்களும் அதன்முன் செபமாலை சொல்வார்கள். சூட்டுக்காற்று வருகிற துவாரத்தின் வழியே அந்த முணுமுணுப்புக் கீழே இறங்கும்போது பிஸ்கட் தலையை உயர்த்தி அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை காலை, சுரூபத்தைத் துடைக்கப்போன றீற்றாவின் துணி, பாம்பு இருந்த இடத்தில் காற்றைத் துடைத்தது. அதே நேரம் கீழே ஏஞ்சலா, “அப்பா, பிஸ்கட்டுக்கு ஒரு பிரெண்ட் வந்திருக்கு,” என்றாள்.

புதிய பாம்பு வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவான நிறம். வால் பக்கத்தில் பெயின்ற் உதிர்ந்திருந்தது. தலையின் உச்சியில் ஒரு குதிக்கால் அளவுக்குப் பள்ளம். சூட்டு விளக்கின் கீழே கிடந்தும் அது குளிராகவே இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கரைய வைத்த எலியை அது பார்க்கவே இல்லை. தூக்கி எடுக்கலாமென்று கிளிபோட் கை வைத்தபோது கோவில் மணியைத் தூக்குவதுபோல் இருந்தது, அசையவில்லை. அது அவனையும் ஏஞ்சலாவையும் மாறிமாறிப் பார்த்தது. பிஸ்கட் அதைச் சுற்றிக்கொள்ளவில்லை, மூலையில் பந்தாகக் கிடந்தது. “மேல ஒண்டும் சொல்லாதை,” என்றான் கிளிபோட். அந்தக் கிழமை அவன் பேசிய நீளமான வசனம் அது.

பிறகு வந்த நாட்களில் முற்றத்தில் விழுந்த பனி, வீட்டு வாசலிலிருந்து வீதிவரை வளைந்து வளைந்து போன ஒரு கோட்டில் மட்டும் தங்காமல் விட்டது. தபால்காரர் அதைத் தாண்டிக் கால் வைக்கப் பழகினார். அணில்கள் பக்கத்து வீட்டு மரத்துக்குப் போய்விட்டன. மாதா சுரூபம் ஒரு நாள் விடிய பேஸ்மென்றுக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இன்னொரு நாள் கதவுக்கருகே நின்றது. அதற்கடுத்த தடவை முதற் படியில். பாடசாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அருள்நாயகம் ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார். மூன்றாம் படியில் கண்டபோது அவருக்கு அலுத்துவிட்டது.

“தூக்கித் தூக்கி எனக்கு நாரி விட்டுட்டுது, றீற்றா. போறவவைப் போக விடும். பேஸ்மென்றை வாடகைக்குக் கேக்கிறா போல.”

“வாயைக் கழுவுங்கோ,” என்றார் றீற்றா. “அவ தன்ர சாமானைத் தேடிப் போறா.”

கிளிபோட் கீழிருந்து இதைக் கேட்டான். வேலை முடிந்து வரும்போதெல்லாம் படியைப் பார்த்தான். பார்க்கும்போது சுரூபம் அசைந்ததில்லை. தூக்கிய கால் மட்டும் ஒவ்வொரு நாளும் சற்றுக் கிட்டத் தெரிந்தது. வேறு வீடு தேட மனம் வரவில்லை. தை மாதத்தில் யார் வீடு தருவார்கள், அதுவும் இரண்டு பாம்புடன். ஒரு கிழமைகூட முகவரி இல்லாமல் போனால் நிரோஷினி பிள்ளையை அனுப்ப மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். சுரூபம் கடைசிப் படிக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சலா தாயிடமே நின்றுவிட்டாள். அன்று பூசை முடிந்து வந்த றீற்றா, வெளிச் சப்பாத்தையும் கழற்றாமல் அதன் பின்னால் இறங்கி வந்து கதவைத் தட்டினார். அவன் திறந்தான். அவர் தொட்டியைப் பார்த்தார். கத்துவார் என்றுதான் கிளிபோட் நினைத்தான்.

“தம்பி, இதில ஒண்டு மாதாவின்ர,” என்றார் றீற்றா. “அதை எடுத்துத் தாரும். மற்றதைப் பற்றி நான் கேக்கேல்லை, நீரும் சொல்ல வேண்டாம். நீர் இஞ்சயே இருக்கலாம்.”

கிளிபோட் மூடியைத் திறந்து வெள்ளைப் பாம்பின் கீழே இரண்டு கையையும் கொடுத்தான். தொட்டியோடு தரையும் சேர்ந்து வருவதுபோல இருந்தது. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை தூக்கினான். அது வாயைச் சற்றே திறந்து மூடியது, அவ்வளவுதான். மூலையிலிருந்த பிஸ்கட் அவிழ்ந்து, எப்போதும் செய்வதுபோல், தானாக வந்து அவனுடைய மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

“அதுதானே?” என்று கேட்டார் றீற்றா. அவருடைய மூக்குக்கண்ணாடி மேலே செபப் புத்தகத்துக்குள் இருந்தது.

அவன் பதில் சொல்ல எடுத்த நேரம் நீளமானது. சூட்டு விளக்கு சத்தமிட்டதும், மேலே அருள்நாயகம் கதிரையை இழுத்ததும், தெருவில் பனி தள்ளும் வண்டி ஒன்று போய்த் திரும்பி வந்ததும் அந்த நேரத்துக்குள்தான். பிஸ்கட்டின் நாக்கு இரண்டு தடவை அவன் தோலைத் தொட்டது. பிறகு அவன், பிஸ்கட் சுற்றியிருந்த கையை நீட்டினான். றீற்றா அதை ஒரு துவாய்த் துண்டில் வாங்கி, கடைசிப் படியில் நின்ற சுரூபத்தின் உலக உருண்டைமேல் வைத்தார். பாதம் இறங்கியது. அவசரமில்லாமல், பஸ்ஸிலிருந்து இறங்கும் வயதானவர்கள் கால் வைப்பதுபோல இறங்கியது. அது முழுதாக இறங்கி முடிந்தபோது பிஸ்கட் பிளாஸ்டராகியிருந்தது. கறுப்புத் திட்டுகள் அப்படியே இருந்தன. சுரூபத்தின் பாரம் குறைந்துவிட்டதென்று அருள்நாயகம் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை ஏஞ்சலா வந்து தொட்டியைப் பார்த்தாள். “பிஸ்கட் எங்க?” என்றாள். கிளிபோட் மேலே பார்த்தான். “நீங்களா குடுத்தனீங்கள்?” என்றாள் பிறகு. “சும்மா சொல்லுங்கோ அப்பா, ஐ வோன்ற் கிரை.” அவன் ஓம் என்று தலையை ஆட்டினான். அவள் அழவில்லை. படியேறிப் போய், செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே புகுந்து சுரூபத்தின்முன் முழங்காலில் நின்றாள். மாதாவின் காலடியில் குனிந்து, மாநிறத் தலையை ஒரு விரலால் மெல்லத் தடவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். பெண்கள் செபத்தை நிறுத்திவிட்டார்கள். “இந்த வயசில இவ்வளவு பக்தி,” என்று றீற்றா கண்ணைத் துடைத்தார். “எங்கட பிள்ளையளும் இருக்குதுகள், போனைத்தான் தடவுதுகள்.”

அதன் பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை. பனி முற்றம் முழுவதும் தங்கத் தொடங்கியது. அணில்கள் திரும்பி வரவில்லை. அருள்நாயகம் பஸ் ஓட்டுவதை விட்டு ஓய்வில் இருக்கிறார். றீற்றா, தங்கள் வீட்டு மாதாவின் பாம்பு வருடத்துக்கொரு முறை சட்டை உரிப்பதாகக் கோவிலில் எல்லாரிடமும் சொல்கிறார். மெல்லிய பிளாஸ்டர்த் தோலைக் காட்டவும் செய்கிறார், யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நிரோஷினி மறுமணம் செய்துகொண்டாள். ஏஞ்சலா உயர்பள்ளிக்குப் போய்விட்டாள். இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள், நேரே மேலே போகிறாள், படுப்பதற்கு மட்டும் கீழே இறங்குகிறாள். தகப்பனோடு கோபமாக ஒரு வார்த்தையும் பேசியதில்லை, வேறு வார்த்தையும் பெரிதாக இல்லை. கிளிபோட் அதே பேஸ்மென்றில் இருக்கிறான். ஒரு விடியற்காலை கட்டிலிலிருந்து கால் வைத்தபோது குதிக்காலில் பல்லைப்போல ஏதோ தைத்தது. இப்போது அந்தக் கால் கணுக்கால்வரை வெள்ளையாக இருக்கிறது. தட்டினால் பிளாஸ்டர்ச் சத்தம் வரும், வலியில்லை, வேலைக்குப் போகலாம். வெள்ளைப் பாம்புக்கு அவன் தொட்டியை மாற்றிக்கொண்டே வருகிறான், கடைசியாக வாங்கியது படுக்கையறைச் சுவரளவு. அது இதுவரை ஒன்றையும் தின்னவில்லை. வளர்ந்துகொண்டு இருக்கிறது.