அசைவின்மை நேரம்

தனியாக வாழும் வயதானவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டி அது. குறிப்பிட்ட நேரம் வீட்டுக்குள் நடமாட்டமே இல்லையென்றால், கொடுத்திருக்கும் போன் நம்பரை அழைத்துச் சொல்லும். ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் கம்பெனி அதைச் செய்கிறது. அந்தக் ‘குறிப்பிட்ட நேரம்’ எவ்வளவு என்று ஸ்பெக்கில், அதாவது பெட்டிக்கான விதிமுறைத் தாளில், எழுதி வைப்பது என் வேலை. எழுதினால் போதுமா? மாதத்துக்கொரு தடவை மாற்றுவார்கள்.

“தஹ்சீன் மேடம், ஆறு மணி நேரத்தைப் பத்தாக்கிடுங்கோ. சும்மா சும்மா அடிக்கறதுன்னு பிள்ளைகள்லாம் கத்தறா,” என்றார் மேனேஜர் சந்திரமௌலி. பெற்றவர்கள் அசையவில்லை என்று சொன்னால் கோபம் வருகிறதாம். நல்ல பிள்ளைகள்! பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன்.

பெட்டி மாட்டப் போகும் பீர் முஹம்மதுவுக்கும் என்னிடம் தினமும் டோஸ்தான். ஏதாவது விவரம் தெரியாவிட்டால் தோன்றியதைப் பெட்டியில் போட்டுவிட்டு, “அப்பால மாத்திக்கலாம் மேடம்” என்பார். “அந்த ‘அப்பால’ எந்தக் காலண்டர்ல இருக்கு?” என்று எரிந்து விழுவேன்.

கணவர் போன பிறகு ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் நான் மட்டும்தான். மகள் தோஹாவில். சோதனைக்கென்று ஒரு பெட்டியை என் ஹாலிலும் மாட்டினோம். கூப்பிட்டால் நேரில் வரக்கூடியவர் நம்பரைக் கேட்டது. ரொம்ப யோசித்தேன். இப்போதைக்கு இருக்கட்டும் என்று ஒரு நம்பரைப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனலாய்க் காய்ச்சல். படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. சாயங்காலம் போன் அடித்ததும் அப்படியொரு சந்தோஷம் எனக்கு. யாருக்கோ என் நினைப்பு வந்துவிட்டதே! தடவி எடுத்தேன்.

“வணக்கம். தஹ்சீன் வீட்டில் நெடுநேரமாக நடமாட்டம் இல்லை. நேரில் சென்று பார்ப்பதானால் ஒன்றை அழுத்தவும்.”

நான் எழுதிக் கொடுத்த வாசகம். நான் போட்ட என் நம்பர். ஒன்றை அழுத்தினேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அழுதேன், வெகுநேரம் அழுதேன்.

ஆபீஸ் போனதும் ஸ்பெக்கில் ஒரு வரி சேர்த்தேன். தொடர்பு எண், அதே வீட்டில் வசிப்பவருடையதாக இருக்கக் கூடாது.

சந்திரமௌலி சிரித்தார். “யார் மேடம் அப்படிப் போடுவா?”

“போடுவாங்க சார்.”

புது விதிப்படி எல்லாப் பெட்டிகளையும் சரிபார்க்கக் கிளம்பிய பீர் முஹம்மது என் வீட்டுக்கும் வந்தார். பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாரு நம்பர் மேடம் போடணும்?”

போனிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன்.

“இப்போதைக்கு உங்க நம்பரையே போடுங்களேன்,” என்றேன். “அப்பால மாத்திக்கலாம்.”

அந்த வார்த்தையை என் வாயால் கேட்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் நம்பரை நிதானமாக அழுத்தி முடித்தார்.

“பத்து மணி நேரம் ஜாஸ்தி மேடம். ஆறே வெச்சிடறேன்,” என்றார்.

ஸ்பெக்கில் பத்து என்றுதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவருக்கு டீ போடப் போனேன்.