நுகத்தின் மறுபக்கம்

அந்த வரியை நான் வேண்டுமென்றே இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது பூவாயி அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று சந்தேகம். இரண்டாம் தடவை குரலை உயர்த்தினேன். "அக்கா போன பிறகு நான் இரட்டை மாட்டு வண்டியில் பூட்டிய ஒற்றை மாடு. நுகத்தின் மறுபக்கம் காற்றில் கிடந்தது." முறம் நின்றது. அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மடச்சி அன்றைக்குக் குரும்பகரத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. மருதையன் மாமா இன்னொரு கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. எல்லைக்கு அந்தாண்டை, இந்தியாவில், இரண்டாம் தாரத்துக்குத் தடை போட்டுச் சட்டம் வந்துவிட்டதாம். காரைக்கால் அந்த 1953இல் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில்தான். இங்கே கேட்க ஆளில்லை. பெண் யார் என்பதுதான் பாக்கி. எவளோ ஒருத்தி வருவதற்குச் செல்லமே போகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். செல்லம் நான்தான். பதினாறு வயது, எட்டாவது முடித்தவள், டீச்சருக்குப் படிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நிறுத்த ஒருத்தியால்தான் முடியும். "என் தங்கச்சி வேணாம்" என்று அக்கா பிடிவாதமாக நின்றால் மாமா கேட்பார். அதனால்தான் நடவுக்கு ஒத்தாசை என்று என்னைக் குரும்பகரத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பியபோது, துணி மூட்டைக்குள் அந்த நாவலையும் வைத்துக்கொண்டு போனேன்.

நாவல் ஆரிபாவுடையது. அட்டையும் முதல் பத்துப் பக்கமும் போய்விட்டதால் பேர் தெரியாது. தாயில்லாத இரண்டு சகோதரிகள் வளர்ந்து பெரியவர்களாகிற கதை. ஆரிபா என்னோடு படித்தவள். பெரியமனுஷியானதும் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். அவள் அக்கா ஜொஹரா புருஷனோடு சைகோனுக்குக் கப்பலேறி இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த வரிக்கு அடியில் ஆரிபா பென்சிலால் கோடு போட்டிருந்தாள், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி. "இத எழுதுனவ என் மனசுக்குள்ள வந்து பாத்துட்டுப் போயிருக்காடி" என்றாள்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அக்கா கல்யாணமாகிப் போனபோது எனக்கு ஏழு வயது. எங்களுக்கும் அம்மா கிடையாது. தலை வாரிவிட்டவள், சோறு பிசைந்து போட்டவள், அடித்தவள் எல்லாம் அவள்தான். அவள் போன பிறகு மூன்று வருஷம் பாயில் அவள் படுக்கிற பக்கத்தை விட்டுவிட்டே படுத்தேன். ஒருதரம் உன்னை இழந்துவிட்டேன், சக்களத்தியாக வந்தால் மறுபடியும் இழந்துவிடுவேன், என்னைக் காப்பாற்று என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஊருக்கே வாயாடி நான், இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நாவல் சொல்லட்டும் என்று விட்டேன்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். வாசலில் மாமா புது மாட்டின் கழுத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கோடையில் ஜோடியில் ஒன்று செத்துப்போக, சந்தையிலிருந்து ஓட்டிவந்த மாடு அது. இரண்டு நாளாக நுகத்தில் பழக்கியதில் கழுத்துத் தோல் உரிந்திருந்தது. தொடும்போதெல்லாம் தலையைச் சிலுப்பிற்று.

"ஒத்த மாட்ட வச்சிக்கிட்டு என்ன பண்ணுறாங்களாம்?" என்றாள் அக்கா.

"மாடு இல்லக்கா. அந்தப் பொண்ணு தனியாக் கெடக்குறத அப்புடி எழுதியிருக்காங்க."

"அது தெரியாமயா கேக்குறேன்? ஒத்த மாட்ட எவனும் சும்மா வச்சிருக்க மாட்டான் புள்ள. ஒண்ணு ஜோடி சேப்பான். இல்லன்னா வித்துப்புடுவான்." அவள் குரல் இறங்கிவிட்டது. "வேத்து மாடு வந்தா என்னைய கொம்பால குத்தியே வெளிய தள்ளிடும். தவுட்டுத் தொட்டில வாய வைக்க விடாது. நீ குத்த மாட்டேடி. நீ என்கூடப் பொறந்தவ."

அதை எழுதிய மகராசி தன் ஆயுசில் ஒரு நாளாவது மாடு பூட்டியிருப்பாளா தெரியாது. அக்கா பூட்டியிருக்கிறாள், அவிழ்த்திருக்கிறாள், செத்த மாட்டுக்காக அழுதிருக்கிறாள். ஆரிபாவும் நானும் காலியான பக்கத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டோம். அக்கா அதே பக்கத்தைப் பார்த்தாள். அங்கே என்னை நிறுத்திவிட்டாள். அவள் எடுத்த அர்த்தத்தில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. நான் அந்த வரியைப் படித்துக்காட்டாமல் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஒருவேளை மனசு இளகியிருக்கும். நானே மாட்டையும் நுகத்தையும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். எனக்கு ஆத்திரம் வந்தது.

"வண்டில ஒக்காந்து வர்றது யாருக்கா?" என்று கேட்டேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். மாமா மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டக் கொண்டுபோனார்.

"அத எழுதலயா?"

"எழுதலக்கா."

"அப்ப விடு," என்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இருபத்தைந்து வயசுதான் அவளுக்கு. கிழவியைப் போல் அழுதாள். என்ன செய்ய, எழுந்துபோய்க் கட்டிக்கொண்டேன். சரி என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "நல்ல கதை புள்ள, மிச்சத்தையும் படி" என்றாள். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது. அந்த நாவலை நான் முடிக்கவேயில்லை.

தையில் நாள் குறித்தார்கள். கோவில்பத்தில் ஆரிபா வீட்டுக்கு ஒருநாள் போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒங்கக்காவுக்கு அந்த வரி புரிஞ்சிச்சா என்று ஆரிபா ஆவலாகக் கேட்டாள். நமக்கு மேலயே புரிஞ்சிச்சி என்றேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அக்கா என்னைத் தன் வீட்டுக் கொல்லையில் மணைபோட்டு உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் தலையில் அவள் கை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இரண்டு மாடும் நுகத்தில் நின்றன. பந்தலுக்குக் கீற்று ஏற்றிவரக் கிளம்பவேண்டும். புது மாடு இப்போதெல்லாம் தலையைச் சிலுப்புவதில்லை. உச்சி, நெற்றி, காதோரம் என்று இறங்கிப் பின்கழுத்துக்கு வந்ததும் அக்காவின் கை நின்றது. கிண்ணத்தில் மறுபடி விரலைத் தோய்த்து, அந்த ஒரே இடத்தில், வலிக்காமல், தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.