ஐந்து வீடு, ஐந்து கையெழுத்து

அப்பா வாடகைக்கு விட்டிருந்த ஐந்து வீடுகளும் அக்கா, தம்பி இருவர் பேரிலும் இருந்தன. அக்காவுக்கு வேறு ஊரில் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வந்து சேர நான்கு மணி நேரம். தம்பி இந்த ஊரிலேயே டவுன் பஸ் ஓட்டுகிறவன். மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எட்டு மாதம் அப்பா அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவன், சாவுக்கு வந்து நின்றான். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று அத்தனை பேர் முன்னால் அவள் கேட்டுவிட்டாள். அதோடு சரி.

வீடுகளை விற்கிற பேச்சுகூட புரோக்கர் மூலம்தான் போய் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை அவருடைய அலுவலகத்தில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். புரோக்கர் இரண்டு வழி சொன்னார். ஐந்தையும் மொத்தமாக வாங்க ஒரு கம்பெனி தயார். விலை கொஞ்சம் குறையும், குடியிருப்பவர்களைக் காலி செய்யவேண்டும், ஆனால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். தனித்தனியாக விற்றால் நல்ல விலை வரும், குடியிருப்பவர்களிலேயே ஓரிருவர் வாங்கக்கூடும். என்ன, இரண்டு வருடம் இழுக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் இருவரும் வந்தாக வேண்டும்.

மொத்தமாகவே தள்ளிவிடலாம் என்றாள் அக்கா, புரோக்கரைப் பார்த்து. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எதற்கும் வீடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று புரோக்கர் அனுப்பி வைத்தார்.

ஐந்தும் ஒரே தெருவில், அடுத்தடுத்து. முதல் வீட்டில் பேசாமலே ஏறி இறங்கினார்கள். இரண்டாவதில் ஒரு தையற்காரர் குடியிருந்தார். கூடமெல்லாம் வெட்டிய துணி. சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் கசிவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்பேனர் கேட்டான். தலையை உள்ளே நுழைத்தவனுக்கு இருட்டாக இருந்தது. அவன் கேட்காமலே அக்கா போனில் டார்ச்சைப் போட்டுக் குனிந்தாள். பின்னந்தலை முழுக்க நரைத்திருந்தது அவனுக்கு. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடியிலிருந்தே அவன் பேசினான். "அப்பாவ அப்படிப் பாக்கற தைரியம் எனக்கு இல்லக்கா. ரெண்டு தடவை உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

அவள் டார்ச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினாள். "இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்னடா?"

"சொல்ல விட்டியா நீ?"

அவன் மரையைத் திருகி இறுக்கினான். பிறகு, "மொத்தமா வித்தா ஒரே கையெழுத்தோட முடிஞ்சிடும். அப்புறம் நீ இந்தப் பக்கம் எதுக்கு வரப்போற?" என்றான்.

வெளியே வந்தவன் முகத்திலிருந்த அழுக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். தையற்காரர் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.

தனித்தனியாகவே விற்கலாம் என்று மதியம் அக்கா சொன்னபோது புரோக்கர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் ஏன் அலையவேண்டும், தம்பிக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவரே கையெழுத்துப் போட்டுக்கொள்வாரே என்று யோசனை சொன்னார்.

"வேணாங்க. நானே வரேன்," என்றாள்.

முதலில் தையற்காரர் வீடு தையற்காரருக்கே போனது. அடுத்த பதிவுக்கு வந்தவள் தம்பி வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். மூன்றாவதற்கு விலையைக் குறைத்துப் பேசிவிட்டான் என்று பதிவு அலுவலக வாசலிலேயே சண்டை போட்டாள். போட்டுவிட்டு, அவன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி, அவன் வேலை முடியும்வரை இறங்காமல் ஊரைச் சுற்றினாள். நான்காவது சுமுகமாக முடிந்தது.

ஐந்தாவது வீட்டுக்கு இதுவரை மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் முகம் சரியில்லை என்றாள் அக்கா. இன்னொருவர் பேச்சு சரியில்லை என்றான் தம்பி. மூன்றாமவரை என்ன சொல்லித் தட்டிக் கழிப்பது என்று இருவரும் போனில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.